விபத்து வழக்கில் "ரெண்டு பக்கமும் தப்பு, பாதிதான் வரும்" என்பார்கள், நம்பிவிடாதீர்கள்

அக்காவின் விபத்து இழப்பீட்டு வழக்கு லோக் அதாலத்தில் (இரு தரப்பும் பேசிச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) முடிந்து, வக்கீல் தன் பங்கை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் வேறொரு வக்கீலிடம் காகிதங்களைக் காட்டினோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "வண்டியை உங்க அக்காவா ஓட்டினாங்க?" இல்லை என்றோம். "அப்புறம் எதுக்குப் பாதியைக் கழிச்சாங்க?"

சித்தப்பா ஓட்டிய காரில் அக்கா முன் சீட்டில் இருந்தார், பெல்ட்டும் போட்டிருந்தார். குறுக்குச் சாலையிலிருந்து வந்த சரக்கு வேன் இடித்ததில் வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, உள்ளே ராடு வைத்தார்கள். அக்காவுக்கு வயது 38. தையல்தான் தொழில், அந்தக் கால்தான் மெஷினை மிதிக்கும் கால்.

வார்டுக்கே ஒருவர் வந்தார், "வக்கீல் ஆபீஸ்லேருந்து வர்றேன்" என்று. எஃப்.ஐ.ஆர் நகல் எங்களுக்குக் கிடைக்கும் முன்பே அவர் கையில் இருந்தது. எப்படி என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். "இப்ப ஒரு பைசா வேணாம், பணம் வந்ததும் முப்பது பர்சன்ட். ஆறு மாசம் தாண்டினா கேஸே போட முடியாது, சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க" என்றார். வக்காலத்தோடு (வக்கீலுக்கு வழக்கு நடத்த அதிகாரம் தரும் பத்திரம்) சில வெற்றுத் தாள்களிலும் கையெழுத்து வாங்கினார். பிறகு அவர்களே அக்கா பெயரில் புதுக் கணக்கு ஒன்றைத் திறந்து, காசோலைத் தாளிலும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஆறு மாதக் கெடு பொய்யில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்டு, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கிடைக்கும் தொகையில் பங்கு பேசிக் கட்டணம் வாங்குவதை, வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிகள் தடை செய்கின்றன. தவிர, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. இதையெல்லாம் வார்டுக்கு வருகிறவர் ஏன் சொல்லப்போகிறார்!

வேனின் இன்சூரன்ஸ் கம்பெனி, கார்தான் வேகமாக வந்தது என்று எதிருரை (நம் மனுவுக்கான பதில்) போட்டது. போலீசில் முதலில் புகார் கொடுத்தது வேன் தரப்பு என்பதால் எஃப்.ஐ.ஆரும் அந்த மாதிரியே இருந்தது. உடனே நம் வக்கீல் சுருதியை மாற்றினார். "ரெண்டு வண்டி மேலயும் தப்பு. கோர்ட்ல போராடினாலும் பாதிதான் வரும். மீதிக்கு உங்க சித்தப்பாவைச் சேர்க்கணும், குடும்பத்துல வீண் சண்டை. பேசாம லோக் அதாலத்துல முடிச்சிடலாம்."

இங்கேதான் ஏமாற்று. அடிபட்டவரே ஓட்டுநராக இருந்து, அவர் மேலும் தவறு இருந்தால், அவர் பங்குக்கு ஏற்பத் தொகையைக் குறைப்பார்கள். அது நியாயம். சும்மா உட்கார்ந்து வந்த பயணிக்கு அந்தக் கணக்கே பொருந்தாது. இரண்டு ஓட்டுநர்களின் கவனக்குறைவும் சேர்ந்து ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், அவர் இருவரில் யாரிடமிருந்து வேண்டுமானாலும் முழுத் தொகையையும் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒரு தரப்பை மட்டும் சேர்த்து வழக்குப் போட்டாலும் போதும். பணம் கட்டிய கம்பெனி வேண்டுமானால் மற்றவரிடம் தனியாக வசூலித்துக்கொள்ளட்டும், அது அவர்கள் தலைவலி. சித்தப்பாவை இழுக்காமலே வேன் கம்பெனியிடம் முழுசாகக் கேட்டிருக்கலாம். விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குத் தினமும் போகிற வக்கீலுக்கு இது தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன்.

எஃப்.ஐ.ஆரில் எழுதியிருப்பதும் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது. மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), ரஃப் ஸ்கெட்ச் (அந்த இடத்தின் வரைபடம்), நேரில் பார்த்தவர் சாட்சி எல்லாவற்றையும் பார்த்து, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்றுதான் முடிவு செய்வார்கள். கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை.

அடுத்த அநியாயம் ஊனக் கணக்கு. மருத்துவக் குழுவிடம் ஊனச் சான்று வாங்கவே இல்லை. 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, காலில் எத்தனை சதவீத ஊனம் என்பதோடு நிற்கக் கூடாது, அவருடைய தொழிலில் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்று பார்க்க வேண்டும் என்பது. அக்காவுக்கு மாதம் 15,000 ரூபாய் வருமானம், வருடத்துக்கு 1,80,000. அதில் 30 சதவீதம் போனதாக வைத்தால் 54,000. வருட இழப்பை வயதுக்கு ஏற்ப ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; 36 முதல் 40 வயதுக்கு அந்தப் பெருக்கு எண் 15. ஆக 8,10,000 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு, வலி வேதனைக்கான தொகை எல்லாம் இதற்கு மேல். எங்களுக்கு எல்லாம் சேர்த்தே மூன்றரை லட்சத்தில் முடித்தார்கள். அதிலும் 1,05,000 வக்கீலுக்கு.

லோக் அதாலத்தில் அமர்ந்திருந்த நீதிபதி அக்காவைப் பார்த்துத்தான் "சம்மதமாம்மா?" என்றார். வக்கீல் முந்திக்கொண்டு "சம்மதங்கய்யா" என்றார். அந்த இடத்தில் சம்மதமில்லை என்று சொல்லலாம், சொன்னால் வழக்கு பழையபடி தீர்ப்பாயத்துக்கே திரும்பும், ஒன்றும் கெட்டுப்போகாது. அதை யாரும் அக்காவிடம் சொல்லவில்லை. தீர்ப்பு என்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். லோக் அதாலத் முடிவுக்கு மேல்முறையீடே கிடையாது. லோக் அதாலத்தைக் குறை சொல்லவில்லை, சரியான தொகைக்கு அங்கே சீக்கிரம் முடிந்தவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது வழக்கு நடந்துகொண்டிருப்பவர்கள் மனு நகலையும் எதிருரை நகலையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஊனச் சான்று தாக்கல் ஆகியிருக்கிறதா பாருங்கள். வக்கீலை மாற்ற நினைத்தால், ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமையில்லை. இதை உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. பணம் உங்கள் பழைய வங்கிக் கணக்குக்கே வரட்டும்.

நாங்கள் பார் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறோம். முப்பது பர்சன்ட் பேசிய வாட்ஸ்அப் செய்திகள் அழியாமல் இருந்தன, அவற்றை அப்படியே இணைத்திருக்கிறோம்.