சக்கர் மீன் சண்டைக் காயம்: தண்ணீரா, உப்பா, நீல மருந்தா?

பிரிசில்நோஸ் சக்கரில் (கண்ணாடியில் ஒட்டிப் பாசி மேயும் தொட்டி மீன்) மூக்கின் மேல் கிளைவிட்ட மீசை இருந்தால் அது ஆண். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால், ஒளியவும் முட்டை காக்கவும் வேண்டிய பொந்துக்காக அடித்துக்கொள்ளும். கன்னத்து முட்களை விரித்து ஒன்றையொன்று தள்ளும். தலைப்பக்கம் வெளிறிய கீறலும் கிழிந்த வாலும் அதன் அடையாளம். கிழிசலின் ஓரம் சுத்தமாக இருந்தால் வெறும் காயம். ஓரம் வெளுத்துச் சிவந்து நாளுக்கு நாள் உள்ளே தேய்ந்தால் அழுகல். பஞ்சு படர்ந்தால் பூஞ்சை.

வெறும் காயத்துக்குத் தண்ணீரே போதும். ஒரு வாரம் தினமும் கால் பங்கு மாற்றுங்கள். புதுத் தண்ணீர் குளோரின் நீக்கியதாக, அதே வெப்பத்தில் இருக்கட்டும். மீன் கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்றால், கிழிந்த துடுப்பின் ஓரத்தில் கண்ணாடி போல புதுச் சவ்வு வளர்வது தெரியும்.

உப்பு இரண்டாம் பட்சம். காயத்தின் வழியே உடலுக்குள் தண்ணீர் ஏறுவதையும் உடலின் உப்பு கசிவதையும் அது குறைக்கும். 10 லிட்டருக்கு 10 கிராம் கல் உப்பைக் கரைத்து, பாதி இன்று, பாதி நாளை. சக்கருக்கு இதற்கு மேல் வேண்டாம். பலர் தவறுவது இங்கேதான்: தண்ணீர் ஆவியானாலும் உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்த தண்ணீரை நிரப்பும்போதெல்லாம் உப்பும் போட்டால் அளவு ஏறிக்கொண்டே போகும். செடித் தொட்டியில் உப்பே கூடாது.

மெத்திலீன் நீலம் பூஞ்சைக்கு மட்டும், அதுவும் ஏர் பம்ப் வைத்த தனி வாளியில். தொட்டியில் ஊற்றினால் அம்மோனியாவைச் சிதைக்கும் பில்டர் பாக்டீரியா சாகும், அம்மோனியா ஏறும், ஆறவேண்டிய காயம் மோசமாகும். செம்பு கலந்த மருந்துகளைச் சக்கரிடம் கொண்டுபோகவே வேண்டாம்.

பிரித்து வைப்பதா, பொந்து கூட்டுவதா? அடிபட்டதைப் பிரித்தால் ஆறும். ஆனால் பழைய இடத்திலேயே திரும்ப விட்டால் அன்றிரவே சண்டை. விடுமுன் கல், கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். நீண்ட நாளைக்குப் பொந்துதான் வழி: ஆண்களின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, உடல் இறுக்கமாக நுழையும் அகலத்தில், ஒன்றின் வாய் இன்னொன்றுக்குத் தெரியாதபடி. 3 அடித் தொட்டி என்றால் ஒரே ஆண் போதும்.

பொந்துக்குள் ஆரஞ்சு முட்டைகளை ஆண் விசிறிக்கொண்டிருந்தால் எதையும் நகர்த்தாமல் மற்ற ஆணை எடுத்துவிடுங்கள். வலையில் வேண்டாம், முட்கள் சிக்கும்; டப்பாவில் தண்ணீரோடு எடுங்கள். சிக்கிவிட்டால் இழுக்காமல் வலையை வெட்டுங்கள்.