பன்றி வளர்ச்சி: மரபணுவா, குடல் பாக்டீரியாவா?

மரபணு பிறப்பிலேயே முடிவாகிவிடும். வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப்2 என்ற மரபணுவில் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாறினால் தசை கூடும், முதுகுக் கொழுப்பு குறையும். அதுவும் தந்தைவழி வந்தால் மட்டுமே. நல்ல ஆண் பன்றியைத் தேர்ந்தெடுத்தால் பலன் தலைமுறைகளுக்கு நிற்கும், ஆனால் மெதுவாகத்தான் வரும்.

குடல் பாக்டீரியா அப்படியில்லை. பால் மறந்து தீவனத்துக்கு மாறும் நாட்களில் அந்தக் கூட்டமே புரண்டுவிடும்: லாக்டோபேசில்லஸ் குறையும், நார்ச்சத்தை உடைக்கும் பிரீவோடெல்லா பெருகும். பெருங்குடலில் நார் நொதித்து உண்டாகும் அமிலங்கள் பன்றிக்கு ஆற்றலாகின்றன. தீவனத்தைக் கொண்டே இதை மாற்றலாம் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்புறம், இரண்டும் முழுக்கத் தனித்தனி அல்ல. ஏபிஓ ரத்தவகை மரபணுவில் ஒரு துண்டு விடுபட்ட பன்றிகளின் குடலில் சில பாக்டீரியாக்கள் குறைகின்றன. ஆனாலும், பால் மறந்த குட்டி வளராமல் தேங்கினால் நான் முதலில் குடலைத்தான் கவனிப்பேன்.