பரு மாத்திரையும் முடி உதிர்வும்: நிறுத்துவதா, குறைப்பதா, தொடர்வதா?

கடுமையான பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையை எடுக்க ஆரம்பித்து இரண்டு மூன்று மாதம் ஆனதும் சிலருக்கு இந்தச் சங்கடம் வரும். கன்னத்தில் இருந்த கட்டிகள் அடங்கி முகம் தெளிந்துகொண்டே வரும். அதே சமயம் தலை சீவினால் சீப்பு நிறைய முடி. தலைக்குக் குளித்தால் இன்னும் எவ்வளவு போகுமோ என்று பயந்து குளியலையே தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. "முடிதானே, வளர்ந்துடும்" என்று வீட்டில் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் இருபது வயதில், பருவால் ஏற்கெனவே நொந்து போயிருக்கிற ஒரு பிள்ளைக்கு அந்த ஒரு வரி போதாது. என்ன செய்வது என்று யாராவது பொறுமையாக உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

முன்னால் இருக்கும் வழிகள் நான்கு: மாத்திரையை நிறுத்துவது, டோஸைக் குறைப்பது, அதே அளவில் தொடர்வது, வேறு மருந்துக்கு மாறுவது. இதுபோக தலையில் தடவும் மினாக்சிடில், பயோட்டின் என்ற வைட்டமின், நம் ரத்தத்திலிருந்தே பிரித்துத் தலையில் ஊசியாகப் போடும் பி.ஆர்.பி. என்று முடிக்காகத் தனியாக விற்கப்படுகிறவை வேறு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு டாக்டரிடம் பேசி டோஸைக் குறைத்துக்கொண்டு தொடர்வதுதான் நல்லது. யாரையும் கேட்காமல் பாதியில் நிறுத்துவதில்தான் இழப்பு அதிகம். ஏன் என்று புரிய, முடி எப்படிக் கொட்டுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு எப்போதும் வளர்ச்சி நின்று ஓய்வில் இருக்கும். அந்த ஓய்வு சுமார் மூன்று மாதம்; அதன் பிறகு அந்த முடி விழுந்து அதே வேரிலிருந்து புது முடி கிளம்பும். தினமும் 50 முதல் 100 முடி வரை விழுவது இதனால்தான், அது இயல்பு. கடுமையான காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி டயட், சில மருந்துகள் என்று உடம்புக்கு ஒரு அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் நிறைய ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து அவை சேர்ந்து விழும். டாக்டர்கள் இதை டெலோஜன் எஃப்ளூவியம் என்பார்கள். வேர் சாவதில்லை என்பதுதான் இதில் முக்கியமான விஷயம்.

இன்னொரு விஷயமும் இதிலேயே இருக்கிறது. இன்று சீப்பில் வரும் முடி, இரண்டு மூன்று மாதம் முன்பே ஓய்வுக்குப் போன முடி. ஆகவே இன்று மாத்திரையை நிறுத்தினாலும் நாளைக்கே கொட்டுவது நிற்காது. எந்த வழியை எடுத்தாலும் பலன் தெரிய மாதங்கள் ஆகும். நிறுத்திய கையோடு ஒரு புது எண்ணெய் வாங்கித் தேய்த்தவர், மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது நின்றதும் அந்த எண்ணெய்க்கு நன்றி சொல்வார். தானாகவே நிற்க வேண்டியது நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

இது எவ்வளவு பேருக்கு வருகிறது? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022இல் வந்த ஒரு கட்டுரையின் கணக்கு இது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு தினம் 0.5 மி.கி.க்குக் குறைவாக எடுத்தவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு முடி கொட்டியது. அதற்கு மேல் எடுத்தவர்களில் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ரொம்பப் பெரிய எண்கள் இல்லை. ஆனால் டோஸ் ஏறினால் உதிர்வும் ஏறுகிறது என்பது தெரிகிறது. சிலருக்கு மருந்தை விட்ட பிறகும் உதிர்வு நீடிக்கலாம் என்று அமெரிக்காவில் இந்த மருந்தோடு வரும் அதிகாரபூர்வக் குறிப்பே சொல்கிறது. அப்படி ஆவது அபூர்வம் என்றாலும் மறைக்கக் கூடாது.

நிறுத்துவதா, குறைப்பதா

நிறுத்தலாம் என்று தோன்றுவது இயற்கை. ஆனால் கணக்கைப் பாருங்கள். இந்த மருந்தின் வழக்கமான முழு கோர்ஸ் என்பது கிலோவுக்கு மொத்தம் 120 முதல் 150 மி.கி. வரை. 50 கிலோ எடை உள்ளவருக்கு 6,000 முதல் 7,500 மி.கி. தினம் 40 மி.கி. எடுத்தால் 6,000 மி.கி.யை எட்ட ஐந்து மாதம். இரண்டரை மாதத்தில் முடிக்குப் பயந்து நிறுத்தினால் பாதியில் நிற்கிறீர்கள். பாதியில் நிறுத்தியவர்களுக்குப் பரு திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். திரும்பினால் மறுபடி முதலிலிருந்து மாத்திரை, மறுபடி உதடு வெடிப்பு, மறுபடி ரத்தப் பரிசோதனை, மறுபடி முடி பயம். எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது தழும்பு. கொட்டிய முடி அனேகமாகத் திரும்ப வளர்ந்துவிடும். கட்டிப் பரு விட்டுப்போகும் பள்ளம் தானாக நிரம்பாது. இந்த இரண்டையும் சம எடையில் வைத்துப் பார்ப்பது சரியில்லை.

நிறுத்தியே ஆக வேண்டிய நேரங்களும் இருக்கின்றன, ஆனால் அதற்குக் காரணம் முடி இல்லை. பார்வை மங்கலோடு கடும் தலைவலி, தாங்க முடியாத வயிற்று வலி, மனம் இருண்டு உயிரை விடலாம் என்ற எண்ணம், கர்ப்பம் என்று சந்தேகம். இவற்றில் எது வந்தாலும் அன்றே மாத்திரையை விட்டுவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். இன்னொரு ரகமும் உண்டு: நெற்றியில் நாலு கரும்புள்ளிக்காகத் தெரிந்தவர் சொன்னதைக் கேட்டு மெடிக்கல் ஷாப்பில் தாமாகவே வாங்கிச் சாப்பிடுகிறவர்கள். லேசான பருவுக்கு இந்த மருந்தே அதிகம். அவர்கள் நிறுத்திவிட்டு ஒரு தோல் மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி.

டோஸைக் குறைப்பதை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம், அது வெறும் சமாதான உத்தி இல்லை, வேலை செய்கிறது என்பதுதான். 2006இல் இஸ்ரேலில் மிதமான பரு உள்ள 638 பேருக்குத் தினம் 20 மி.கி. மட்டும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நல்ல பலன். நம் ஊரிலும் பல தோல் மருத்துவர்கள் 20 மி.கி.யிலேயே கோர்ஸை நடத்துகிறார்கள். 40 எடுத்துக்கொண்டிருப்பவர் 20க்கு இறங்கினால் 50 கிலோ எடையில் அது கிலோவுக்கு 0.4 மி.கி.; உதிர்வு குறைவாகப் பதிவான பக்கத்துக்கு வந்துவிடுவார். உதட்டு வறட்சியும் கண் எரிச்சலும்கூடக் குறையும்.

இதற்கு விலை, காலம். அதே 6,000 மி.கி.க்கு ஐந்து மாதத்துக்குப் பதில் பத்து மாதம் ஆகும். பெண்களுக்கு இந்தக் கால நீட்டிப்பு சாதாரண விஷயம் இல்லை. இந்த மருந்து கருவில் இருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும்; எடுக்கும் காலம் முழுவதும், நிறுத்திய பின் ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. தை மாதம் கல்யாணம் என்று நிச்சயம் ஆகியிருந்தால், பத்து மாத கோர்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்று எண்ணிப் பார்த்து, டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். கூச்சப்பட்டுச் சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து.

அப்புறம் ஒன்று. வழக்கமான ஐசோட்ரெட்டினாயின் கேப்ஸ்யூல் கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாட்டோடுதான் உடம்பில் நன்றாகச் சேரும். காலையில் வெறும் காபியோடு விழுங்குகிறவருக்கு, சீட்டில் எழுதிய டோஸ் முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. டோஸைக் குறைத்த பிறகாவது சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பருவும் அடங்காது.

அதே அளவில் தொடர்வது யாருக்குப் பொருந்தும்? முதுகிலும் மார்பிலும் ஆழமான கட்டிகள், தழும்பு விழுந்துகொண்டே இருக்கிறது என்றால், டாக்டர் டோஸை இறக்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. கோர்ஸ் முடிய ஒரு மாதம்தான் பாக்கி என்றாலும் குறைத்துப் பெரிய லாபமில்லை. அடுத்து விழப்போகும் முடி ஏற்கெனவே ஓய்வுக்குப் போய்விட்டது.

மாறுவது

வேறு மருந்து என்றதும் முதலில் வருவது டாக்ஸிசைக்ளின். அது ஆன்டிபயாடிக், சில மாதங்களுக்கு மேல் நீட்டக் கூடாது, விட்டதும் பரு எட்டிப் பார்க்கலாம். ஒன்றை மறக்கவே வேண்டாம்: பழைய சீட்டில் டாக்ஸிசைக்ளினோ அதே வகை மினோசைக்ளினோ மிச்சம் இருக்கிறதென்று ஐசோட்ரெட்டினாயினோடு சேர்த்து எடுக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூளையைச் சுற்றி அழுத்தம் ஏறும் அபாயம் உண்டு.

உண்மையிலேயே யோசிக்க வேண்டிய மாற்று, பெண்களுக்கு மட்டுமானது: ஸ்பைரோனோலாக்டோன். இங்கே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். முடி கொட்டுவதற்கு மாத்திரைதான் காரணமா? தாடையிலும் கழுத்திலும் பரு, மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது, மேலுதட்டில் ரோமம், வகிடு அகலமாகிக்கொண்டே போகிறது என்றால் அது பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். ஆண்ட்ரஜன் என்ற ஆண் ஹார்மோன் முகத்தில் பருவையும் தலையில் முடி மெலிவையும் சேர்த்தே கொண்டுவரும். மாத்திரை மேல் பழியைப் போட்டு நிறுத்திவிட்டால் இரண்டும் தொடரும். ஸ்பைரோனோலாக்டோன் அந்த ஹார்மோனின் வேலையைத் தடுப்பதால் பருவுக்கும் உதவும், பெண்களின் வகிட்டு மெலிவுக்கும் டாக்டர்கள் இதைத் தருவதுண்டு. பிரிட்டனில் 410 பெண்களை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2023இல் வந்தது. பருவுக்குப் பலன் இருப்பதை அது உறுதிசெய்தது. மூன்று மாதம் தாண்டினால்தான் தெளிவாகத் தெரியும் என்பதால் பொறுமை வேண்டும். இதையும் கர்ப்ப காலத்தில் எடுக்கக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய மருந்து. ஆரோக்கியமான இளம் பெண்களுக்கு அது பெரிய பிரச்சினையாவதில்லை. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர், தினம் இரண்டு மூன்று இளநீர் குடிக்கிற பழக்கம் உள்ளவர் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஆண்களுக்குப் பருவுக்காக இந்த மாத்திரையைத் தருவதில்லை.

முடிக்கென்று தனியாக

இந்தப் பகுதியில்தான் பணம் அதிகம் வீணாகிறது, எனக்குக் கோபமும் இங்கேதான்.

பயந்துபோய் வருகிறவர்களிடம் பி.ஆர்.பி. பேக்கேஜ் விற்கப்படுகிறது; ஓர் அமர்வுக்கே ஆயிரக்கணக்கில். காரணம் நீங்கினால் தானாகத் திரும்பும் உதிர்வுக்கு அது தேவையில்லை. மினாக்சிடில் நல்ல மருந்து, ஆனால் அது பரம்பரை வழுக்கைக்கும் வகிட்டு மெலிவுக்கும். ஆரம்பித்த முதல் சில வாரங்களில் அதுவே இன்னும் கொஞ்சம் முடியைக் கொட்ட வைக்கும். ஐசோட்ரெட்டினாயினால் ஏற்கெனவே காய்ந்த தலைச்சருமத்தில் அதன் திரவ வடிவம் அரிப்பைக் கொடுக்கும். பெண்களுக்கு முகத்தில் ரோமம் வளரலாம். அப்பாவுக்கு சீக்கிரமே வழுக்கை, உங்களுக்கும் நெற்றி ஏறுகிறது என்றால் டாக்டர் சொல்லி ஆரம்பிக்கலாம். தொடர்ந்து போட வேண்டிய மருந்து என்பதைத் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள்.

பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு பயோட்டினால் முடி வளரும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. தைராய்டு பரிசோதனை முடிவை அது தவறாகக் காட்ட வைக்கும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கச் செய்யும் ட்ரோபோனின் பரிசோதனையைக்கூடக் குழப்பும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017லேயே இதை எச்சரித்தது. முடி கொட்டுகிறதென்று தைராய்டு பார்க்கப் போகிறவர் இந்த மாத்திரையோடு போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதைவிட மோசம், 'முடி, தோல், நகம்' என்று போட்டு விற்கும் சத்து மாத்திரைகள் சிலவற்றில் வைட்டமின் ஏ இருக்கும். ஐசோட்ரெட்டினாயினே வைட்டமின் ஏ வகையறா. அதன் மேல் இதுவும் சேர்ந்தால் நஞ்சளவுக்குப் போகலாம், வைட்டமின் ஏ மிகுந்தாலே முடி கொட்டும். மீன் ஈரல் எண்ணெயும் அப்படித்தான். கேரட், முருங்கைக்கீரை பயமில்லாமல் சாப்பிடலாம். அவற்றில் இருக்கும் பீட்டா கரோட்டினை உடம்பு தேவைக்கேற்பத்தான் மாற்றிக்கொள்ளும்.

பணம் செலவழிக்க வேண்டிய இடம் ரத்தப் பரிசோதனை. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரும்புச்சத்து குறைந்திருந்தால் அதைச் சரிசெய்வது தலையில் தடவும் எந்த சீரத்தையும் விட மேல். சாப்பாட்டையும் பாருங்கள். எனக்குத் தெரிந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, பரு வந்துவிடும் என்ற பயத்தில் பால், முட்டை, வேர்க்கடலை எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சோறும் ரசமுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். புரதம் இல்லாத உடம்பு முதலில் முடியைத்தான் கைவிடும். முட்டையோ, மீனோ, பயறோ தினமும் ஏதாவது ஒன்று வேண்டும்.

தேங்காய் எண்ணெயை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. முடித் தண்டு உடைவதை அது குறைக்கும். வேரிலிருந்து உதிர்வதை அது நிறுத்தாது, ராத்திரி முழுக்க ஊறவிட்டால் நெற்றியில் வழிந்து அங்கே பருவைக் கிளப்பும். நுனிமுடிக்குத் தடவி, ஒரு மணி நேரத்தில் மென்மையான ஷாம்பூ போட்டு அலசிவிடலாம். கோர்ஸ் முடியும் வரை ஸ்ட்ரெய்ட்டனிங், டை, இறுக்கிப் பின்னுவது மூன்றும் வேண்டாம். தலைக்குக் குளிப்பதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். நாலு நாள் கழித்துக் குளித்தால் நாலு நாள் முடி மொத்தமாக வரும், பயம்தான் கூடும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது உங்கள் எடை, இதுவரை எத்தனை மி.கி. எத்தனை நாள் எடுத்தீர்கள், உதிர்வு எப்போது ஆரம்பித்தது, கடந்த ஆறு மாதத்தில் டெங்கு மாதிரி காய்ச்சல் வந்ததா, டயட் இருந்தீர்களா என்று எழுதிக்கொண்டு போங்கள். வகிட்டை ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் மாதம் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் வாதத்துக்கே இடமிருக்காது. மாத்திரை முடிந்து ஆறு மாதம் ஆகியும் கொட்டுவது நிற்கவில்லை என்றாலோ, தலை எரிந்து செதில் உதிர்ந்தாலோ மறுபடி காட்ட வேண்டும். காசு அளவுக்கு வட்டமாக ஒரு இடத்தில் மட்டும் முடி போயிருந்தால் அது வேறு நோய். அதற்கு ஆறு மாதம் காத்திருக்காமல் அந்த வாரமே போய்விடுங்கள்.