66 வயதில் வாங்கிய சமையலறைத் தராசு

மாவுச்சத்தைக் குறைக்கத் தொடங்கியபின் நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் இந்தச் சின்ன டிஜிட்டல் தராசுதான். நாளுக்கு 130 கிராமுக்குள் மாவுச்சத்து என்பதைத்தான் பொதுவாக லோ கார்ப் என்கிறார்கள், ஆனால் அது தட்டில் எவ்வளவு என்று கண்ணளவில் சொல்லவே முடியாது, ஒரு கைப்பிடி பாதாம் என்று அள்ளியதை வைத்துப் பார்த்தால் 52 கிராம் காட்டியது!

மாவுச்சத்தைக் குறைத்தால் முதல் வாரம் உடல் எடை சரசரவென இறங்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். உடம்பில் சேமித்த ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் (மாவுச்சத்தை உடம்பு சேமித்து வைக்கும் வடிவம்) சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அது கரையும்போது தண்ணீரும் போகிறது. அப்புறம் வேகம் குறைந்தால் தளர வேண்டாம்.

எனக்குத் தராசு அதிகம் உதவியது புரதத்தை அளப்பதில். இந்த வயதில் கொழுப்போடு தசையும் கரைந்தால் படியேறுவதே கஷ்டம், அதனால் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும், ஒரு முட்டையில் இருப்பதோ 6 கிராம்தான். கூடவே கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியும் செய்கிறேன், முழங்கால் இப்போது எவ்வளவோ தேவலை.

தராசில் குறை என்றால், 2 நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது, காய் நறுக்கி முடிப்பதற்குள் பாத்திர எடையை மறுபடி கழிக்க வேண்டும். எண்களும் ரொம்பச் சிறியவை, வயதானவர்களை நினைத்துச் செய்திருக்கலாம்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் தயவுசெய்து டாக்டரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள், மருந்தின் அளவை மாற்றாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவையும் அவரிடமே கேளுங்கள்.