கிராபீன் பூசிய அச்சு மின்முனைப் பட்டைகள்: யூரிக் அமில அளவீட்டில் கண்டவை

நாகர்கோவிலிலுள்ள எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், மூட்டுகளில் படிகமாகப் படிந்து கௌட் நோயை உண்டாக்கும் யூரிக் அமிலத்தை அளப்பதற்குக் கார்பன் அணுக்களின் மிக மெல்லிய தகடான கிராபீன் பூசிய அச்சு மின்முனைப் பட்டைகளை வாங்கி, முதுகலை வேதியியல் மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களில் பயன்படுத்தி வருகிறோம். இவற்றை வாங்க எண்ணும் பிற ஆய்வகங்களுக்காக இதை எழுதுகிறேன்.

அளவீட்டுக்கு வேண்டிய மூன்று மின்முனைகளும் ஒரே பட்டையில் அச்சிடப்பட்டிருப்பதால் ஒரு துளிக் கரைசலே போதும். வழக்கமான கார்பன் மின்முனைகளைப் போல அலுமினாத் தூளில் தேய்த்து மெருகேற்றும் வேலையும் இல்லை.

ஆயினும் இப்பட்டையின் உண்மையான சிறப்பு அதன் பிரித்துக் காட்டும் திறனே. இரத்தத்திலும் சிறுநீரிலும் யூரிக் அமிலத்துடன் வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலமும் கலந்திருக்கும். சாதாரணக் கார்பன் மின்முனையில் இவ்விரண்டும் நெருங்கிய மின்னழுத்தங்களில் ஆக்சிஜனேற்றம் அடைவதால், வரைபடத்தில் அவற்றின் மின்னோட்ட முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து, எது எவ்வளவு என்று சொல்ல இயலாமல் போகும். பி.எச். 7.4 கொண்ட பாஸ்பேட் பஃபரில் (அமில-காரத் தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்), மின்னழுத்தத்தைச் சிறு துடிப்புகளுடன் படிப்படியாக மாற்றி மின்னோட்டத்தை அளக்கும் டிஃபரன்ஷியல் பல்ஸ் வோல்டாமெட்ரி செய்தபோது, இப்பட்டையில் அஸ்கார்பிக் அமில முகடு குறைந்த மின்னழுத்தத்தின் பக்கம் விலகி, யூரிக் அமில முகடு தெளிவாகத் தனித்து நின்றது. நீர்த்த சிறுநீரிலும் அந்தத் தெளிவு குலையாதது எங்களுக்குப் பெரும் நிறைவளித்தது.

உறையில் வெறுமனே 'கிராபீன்' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் 2004இல் கிராஃபைட்டிலிருந்து பிரித்துக் காட்டிய ஒற்றை அணுத் தகடு வேறு. கிராஃபைட்டை ஆக்சிஜனேற்றிப் பின்னர் ஒடுக்கிப் பெறும் கிராபீன் ஆக்சைடு வகை வேறு. பின்னதில் எஞ்சும் ஆக்சிஜன் தொகுதிகளே நொதியையோ ஆன்டிபாடியையோ பிணைப்பதற்கு இடம் தருவன. ஆகவே, எந்த வகை என்பது தெரியாமல் இப்பட்டையை வேறொரு நோய்க்குறிப் பொருளுக்கேற்ப மாற்றியமைக்க முயல்வது வீண் செலவாகும். வாங்குமுன் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரான சீரம் வைத்தால் புரதங்கள் பரப்பில் ஒட்டிக்கொள்வதால், அடுத்த அளவீட்டிலேயே மின்னோட்டம் சரிகிறது. கழுவினாலும் பழைய நிலைக்கு மீள்வதில்லை. சீரத்தில் வேலை செய்வோர் ஓர் அளவீட்டுக்கு ஒரு பட்டை என்றே கணக்கிட வேண்டும். கல்லூரி நிதிக்கு அது சுமைதான்.

ஆனி மழையையும் ஐப்பசி மழையையும் ஒருசேரப் பெறும் நம் குமரி மாவட்டத்தில் ஈரப்பதமும் கவனிக்கத்தக்கது. திறந்த உறையில் கிடந்த பட்டைகளில் பின்னணி மின்னோட்டம் ஏறியிறங்கியது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய கலமான டெசிக்கேட்டருக்கு மாற்றிய பிறகு, புதிதாகப் பிரித்த உறைகளில் அத்தொல்லை எழவில்லை. பெரிய பொதியின் விலைச் சலுகையை நோக்காமல், சிறு பொதிகளாக வாங்குவதே இங்கு ஏற்றது.