பச்சைக் குறியை நம்பாதீர்கள், விலக்குப் பட்டியலைத் திறந்து பாருங்கள்

எங்கள் தணிக்கை அலுவலகத்தின் கணினிகளை ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கவனித்துவந்த நிறுவனம் செய்துவைத்த மாற்றங்களால், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் எங்கள் கணினிகளில் புகுந்தது. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். அதே வகை ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் தங்கள் கணினிகளை இன்றே சரிபார்த்துக்கொள்வதற்காகவே இப்பதிவு.

ஜிஎஸ்டி தாக்கல் நெருங்கிய நேரத்தில் கணக்கு மென்பொருள் மெதுவாக இயங்குகிறது என்று புகார் செய்தோம். வந்தவர், அந்த மென்பொருளின் கோப்புறையை மட்டும் விண்டோஸிலேயே உள்ள வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் சேர்க்காமல், சி, டி ஆகிய இரு டிரைவ்களையுமே முழுதாகச் சேர்த்துவிட்டுப் போனார். விலக்கப்பட்ட இடத்திலுள்ள கோப்புகளை டிஃபெண்டர் சோதிக்காது. ஆனால் கணினி பாதுகாப்பாக இருப்பதாகக் காட்டும் பச்சைக் குறி மட்டும் அப்படியே இருக்கும் என்பதால் எங்களில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. போதாக்குறைக்கு, தம் அலுவலகத்தில் இருந்தபடியே வேலை பார்ப்பதற்காக, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை (இணைப்பு வாயிலை) எந்த ஐபி முகவரியிலிருந்தும் அணுகலாம் என்று ஃபயர்வாலில் விதி எழுதி, ரவுட்டரிலும் திறந்துவைத்திருந்தார். அந்த வழியாகத்தான் ரான்சம்வேர் வந்தது. அவர்களே நிரந்தரமாகச் செருகிவைத்திருந்த பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்தே பூட்டப்பட்டது.

"இது புது வகை வைரஸ், எதுவும் பிடிக்காது, ஃபார்மட் செய்துவிடலாம்" என்றார்கள். நாங்கள் மறுத்து, வேறொருவரைக் கொண்டு, கணினியில் நடந்தவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைப் பார்த்தோம். டிஃபெண்டரின் அமைப்பு மாற்றங்களைக் குறிக்கும் 5007 என்ற பதிவில், விலக்குகள் சேர்க்கப்பட்ட தேதி அவர்களுடைய ஆள் வந்துபோன தேதியாகவே இருந்தது. பாதுகாப்புப் பதிவேட்டிலோ, தோல்வியுற்ற உள்நுழைவுகளைக் காட்டும் 4625 என்ற பதிவு வரிசை வரிசையாக நிறைந்திருந்தது. இவற்றைக் காட்டிய பிறகும் பொறுப்பேற்கவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கான பில்லை மட்டும் தவறாமல் அனுப்பினார்கள்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் சென்று, விலக்குகளில் முழு டிரைவ் எதுவும் இருந்தால் நீக்குங்கள். ஃபயர்வாலின் உள்வரும் விதிகளில் ரிமோட் டெஸ்க்டாப் எல்லா முகவரிகளுக்கும் திறந்திருந்தால் முடக்குங்கள்; வெளியிலிருந்து வரும் இணைப்புகளை உள்ளே அனுப்பும் ரவுட்டரின் போர்ட் ஃபார்வர்டிங்கையும் பாருங்கள். ஆவணக் கோப்புறைகளை அந்நிய நிரல்கள் மாற்றாமல் தடுக்கும் 'கட்டுப்படுத்தப்பட்ட கோப்புறை அணுகல்' வசதி இயல்பாக அணைக்கப்பட்டே இருக்கும். அதை இயக்கி, உங்கள் கணக்கு மென்பொருளை மட்டும் அனுமதியுங்கள். மென்பொருள் மெதுவாக இயங்கினால், அதன் கோப்புறையை மட்டும் டிஃபெண்டரில் விலக்குங்கள்; முழு டிரைவை விலக்காதீர்கள்.

ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால், இணைய இணைப்பைத் துண்டித்து, ஈவென்ட் பதிவேடுகளை நகலெடுத்துக்கொண்டு, தேசிய சைபர் குற்ற உதவி எண்ணான 1930இல் புகார் அளியுங்கள். அதன் பிறகே யாரையும் ஃபார்மட் செய்ய விடுங்கள்.