ஜாஃபிஷ் வாங்கும் முன் மணல் கணக்கைப் போடுங்கள்

மணலில் வளை தோண்டி வாழும் சிறு கடல் மீனான மஞ்சள்தலை ஜாஃபிஷைப் பார்த்ததும் 'என் கடல்நீர்த் தொட்டிக்கு ஒத்துவருமா?' என்று கேட்பவர்கள் உண்டு. நீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 24 முதல் 27 டிகிரி, பத்து சென்டிமீட்டர் வளரும், யாரையும் சீண்டாது. இதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் விட்டுவிடுவது மணலை.

ஃப்ளோரிடாவிலிருந்து தென் அமெரிக்காவின் வடகரை வரை, பவளப்பாறை ஓரங்களில் மணலும் உடைந்த பவளமும் கலந்து கிடக்கும் தரைதான் இதன் ஊர். மணலை வாயால் அள்ளித் துப்பிச் செங்குத்தாக வளை தோண்டும். அடியில் ஓர் அறையை அகட்டிக்கொள்ளும். சுவர் சரியாமலிருக்க ஒவ்வொரு துண்டையும் கொத்தனார் மாதிரி திருப்பித் திருப்பிப் பொருத்தும். வெறும் நைஸ் மணலில் இந்த வேலை நடக்காது. தோண்டத் தோண்டச் சரியும். மீன் இரையெடுக்காமல் மெலியும். 1-2 மி.மீ. அரகோனைட் (சுண்ணாம்புச் சத்துள்ள) மணல் பாதிக்குச் சற்று மேல், மீதி 5 முதல் 20 மி.மீ. வரை பல அளவில் பவளத் துண்டும் கிளிஞ்சல் உடைசலும். ஆழம் 15 செ.மீ. வேண்டும்.

60-க்கு 30 செ.மீ. அடிப்பரப்பில் அந்த ஆழம் என்றால் 27 லிட்டர். லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ வைத்தாலும் 40 கிலோ வருகிறது. ஸ்டாண்டு தாங்குமா என்று பாருங்கள். ஒரு மூலையை 30-க்கு 30 அளவில் அக்ரிலிக் பட்டையால் தடுத்து அங்கே மட்டும் நிரப்பினால் பாதி எடையோடு முடியும். ஒற்றை மீனுக்கு அது போதும். ஓர் அங்குல பிவிசி குழாய்த் துண்டை அங்கே சாய்வாகப் புதைத்து வாயை மட்டும் வெளியே விடுங்கள், புதிய மீன் ஒதுங்க இடம் கிடைக்கும். லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பாறைத் துண்டு) மணலுக்கு முன்பே தொட்டியின் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். மணல்மேல் வைத்தால் இது அடியைத் தோண்டிவிடும். பாறை சாய்ந்து மீனே நசுங்கும்.

இவ்வளவு செய்த பிறகும் தீராத எரிச்சல் ஒன்று உண்டு: துப்பிய மணல். வளை வாயைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு எதையும் விட்டுவைக்காது. தரையில் வைத்த காளான் பவளமும் ஜோவாந்தஸ் என்ற பவள இன உயிரியும் புதைந்து அழுகும். பைப்பெட்டால் (உறிஞ்சிப் பீய்ச்சும் சிறு குழாய்) தினமும் ஊதிவிட்டால்தான் பிழைக்கும். அதைவிட மோசம், பாசி துடைக்கும் காந்தம். ஒரே ஒரு மணல் காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிக்கினால் போதும், அழியாத கீறல். மணல் மட்டத்திலிருந்து நான்கு விரல் உயரத்துக்குள் காந்தத்தைக் கொண்டுபோகவே கூடாது, பழைய ஏடிஎம் அட்டையால் கையால் சுரண்டுங்கள். நீரோட்டம் உண்டாக்கும் பவர்ஹெட் மோட்டாரையும் மணலை நோக்கித் திருப்ப வேண்டாம். உள்ளே போகும் துகள் அதன் சுழலும் இறக்கையைத் தேய்த்துவிடும்.

ஆனாலும் இந்த மீன் வளைக்கு மேலே, வால் கீழே தொங்க, நீரோட்டத்தில் அசையாமல் நின்று இரையாகப் போடும் குட்டி மைசிஸ் இறாலை ஒவ்வொன்றாகப் பொறுக்குவதைப் பார்த்தால் கோபம் தங்காது. பயந்தால் வால் முதலில் உள்ளே போகும். இரவானால் ஒரு கல்லை இழுத்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காக்கும். அவ்வப்போது வாயைத் திறந்து உருட்டிக் காட்டுவது எல்லாத் தொட்டி மீனிடமும் கிடைக்காத காட்சி. நீந்திக்கொண்டே இருக்கும் அழகு மீன்கள் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

இரையைச் சின்னதாக, நாளுக்கு இரண்டு முறை கொடுங்கள். முதல் சில நாள் பைப்பெட்டால் வளைக்கு அருகே விடுவது நல்லது. டாட்டிபேக், ஹாக்ஃபிஷ், ட்ரிகர் போன்ற முரட்டு மீன்கள் உள்ள தொட்டியில் வெளியே தலைகாட்டாது.

தரைப் பவளம்தான் உங்கள் தொட்டியின் அழகு என்றால் இதை வாங்கவே வாங்காதீர்கள், விலை பாதியானாலும். மற்றவர்களும் மூடி இல்லாமல் வாங்க வேண்டாம். ஜாஃபிஷ் துள்ளி வெளியே விழுந்து சாவதுதான் அதிகம். விளக்கு சட்டென்று அணையும்போதும், வளை அமையாத முதல் நாட்களிலும் துள்ளும். 6 மி.மீ.க்கு மேல் கண் இல்லாத வலைமூடி போடுங்கள். வெயில் ஊர்களில் கண்ணாடி மூடி சூட்டைத் தேக்கும். குழாய், ஒயர் போகும் ஓட்டைகளையும் அடையுங்கள். அதுவரை மீன் கடையிலேயே இருக்கட்டும்.